எதிர்வாடை மாதா

'டோன்யா', அதாவது அம்மா, என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் ரமோனா சால்திவார் இருபது வருஷமாகச் செய்து வந்த தொழில், ஒளிந்துகொண்டவர்களைக் கண்டுபிடிப்பது. ஓடிப்போன புருஷன், வாடகை கொடுக்காமல் நழுவிய குடித்தனக்காரன், நிச்சயம் முடிந்ததும் காணாமல் போன மாப்பிள்ளை, எல்லோரையும் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். இந்த ஒரு வருஷமாகத் தொழிலே தலைகீழ். ஒளிந்திருந்தவர்களே அவள் அலுவலகத்து மாடிப்படி ஏறி வந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "என்னைக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்கிறார்கள்.

எல்லாம் வாஷிங்டன்காரர்கள் போட்ட புதுச் சட்டத்தால் வந்த கூத்து. 1982 ஜனவரி ஒன்றாம் தேதிக்கு முன்பே திருட்டுத்தனமாக வந்து, அன்றிலிருந்து இங்கேயே இருக்கிறேன் என்று நிரூபிக்கிறவனுக்குத் தங்கும் உரிமை. நல்ல பிள்ளையாக இருந்தால் சில வருஷம் கழித்துக் குடியுரிமையும் உண்டு. ஆனால் இருந்த சுவடே தெரியாமல் இருப்பதுதானே இந்த மனிதர்கள் பழகிய வித்தை? அதில் யார் ரொம்பக் கெட்டிக்காரனோ, அவன்தான் இப்போது ரொம்ப மாட்டிக்கொண்டான்.

அப்படி மாட்டியவர்களில் முதல் பரிசு அன்செல்மோ டாப்பியாவுக்குத்தான். மனுக் கொடுக்கக் கடைசி நாள் 1988 மே நாலு. இன்று மே மூன்று, காலை பத்து மணி. சிகாகோ பதினெட்டாம் தெருப் பக்கம், அன்செல்மோவின் சமையலறையில், டோன்யா ரமோனா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதவியாளனும் டாக்ஸிக்காரனுமான மெல்ச்சோர், பட்டை போட்ட காபியில் இனிப்பு ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது ரொட்டி.

"இறைச்சி ஆலைச் சம்பளச் சீட்டு. எழுபத்தொன்பதுலேருந்து எண்பத்தஞ்சு வரைக்கும் ஒண்ணு விடாம இருக்கு. ரொம்ப அழகு," என்றாள் ரமோனா. "ஆனா எல்லாத்துலயும் ஸ்டான்லி வோய்ச்சிக்னு இருக்கே?"

"அது நான்தான், டோன்யா."

மெல்ச்சோர் அன்செல்மோவை நிமிர்ந்து பார்த்தான். ஐந்தடி இரண்டங்குலம், செம்மண் நிறம், தொங்கு மீசை. எங்கே வைத்துப் பார்த்தாலும் மெக்சிகோவின் மிச்சோவகான் மாகாணத்து முகம்.

"போலந்துக்காரரை உரிச்சு வெச்ச மாதிரியே இருக்கீங்க ஐயா," என்றான்.

"அசல் ஸ்டான்லி ஆலையை விட்டுப் போறப்ப அவனோட அடையாள அட்டையை எனக்குக் குடுத்துட்டுப் போனான்," என்றார் அன்செல்மோ. "இப்ப அவன் உசுரோட இல்ல. ஆலையும் மூடியாச்சு. எண்பத்தஞ்சுக்கு அப்புறம் பேக்கரி வேலை. அந்த முதலாளி கடுதாசி குடுத்துட்டாரு."

"ஆக, ஸ்டான்லியும் அன்செல்மோவும் ஒரே ஆளுதான்னு சொல்ற ஒரு துண்டுக் காகிதம் வேணும். அதுவும் எண்பத்திரண்டு பொறக்கறதுக்கு முந்தினதா வேணும். போட்டோ?"

போட்டோக்கள் இருந்தன. ஆலைத் தொழிலாளர்களின் உல்லாசப் பயணம், மூன்று வருஷத்துக்கு மூன்று படம். மூன்றிலும் அன்செல்மோ ஒரு தடியனுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒன்றில் மட்டும் முழங்கை தெரிந்தது.

"முழங்கை உங்க சாயல்தான்," என்றான் மெல்ச்சோர். "அதிகாரி ஒத்துக்கணுமே."

அன்செல்மோவின் மனைவி எல்பீதியா கல்யாணச் சான்றிதழை எடுத்து வந்து வைத்தாள். அதில் சொந்தப் பெயர் இருந்தது. தேதி, 1982 பிப்ரவரி பதின்மூன்று.

"அடடா! ஒன்றரை மாசம் முன்னாடி மோதிரம் மாத்தியிருந்தா இந்நேரம் பாதி அமெரிக்கர் ஆகியிருப்பீங்களே ஐயா!" என்றான் மெல்ச்சோர்.

"இவரு வாயத் தொறந்து கேக்கவே ஒரு வருஷம் ஆச்சு," என்று சிரித்தாள் எல்பீதியா. சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. "நான் இங்க ஸ்கூல்ல படிச்சவ, டோன்யா. ஸ்கூல் ரெக்கார்டு வெச்சு என் மனு போன மாசமே போயிடுச்சு. எங்க பொண்ணு இங்கயே பொறந்தவ. நாங்க ரெண்டு பேரும் உள்ள, இவரு மட்டும் வெளியன்னா எப்படி? என்னிக்காவது ஒரு நாள் வேலைக்குப் போன மனுஷன அப்படியே வேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்கன்னா, சாயந்திரம் அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மெல்ச்சோர் நான்காவது ரொட்டியை எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

ரமோனா சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் எதிர்வாடை மாதா கோயில்லயா? அந்த ஜன்னல்லேருந்து பாத்தா தெரியுமே?" என்றபடி எழுந்து ஜன்னல் திரையைத் தூக்கப் போனாள்.

"வேண்டாம்! வெயில் கூசும்," என்று அன்செல்மோ பாய்ந்து தடுத்தார். வெளியே காலையிலிருந்து மேகமூட்டம். தடுத்த வலது கையில் ஆள்காட்டி விரல் கோணலாக வளைந்திருந்தது. ரமோனா பார்ப்பதைக் கண்டதும் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"விரலுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பழைய அடி."

"ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு எந்தக் கோயில்?"

"மேற்கால இருக்கே, அந்தக் கோயில்," என்றாள் எல்பீதியா, கணவனைப் பார்க்காமல். "பதினோரு தெரு நடக்கணும்."

ரமோனா காபியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, மெல்ச்சோரைக் கண்ணாலேயே கிளப்பினாள்.

"டோன்யா, இது பொம்பளை விவகாரம்," என்றான் மெல்ச்சோர், படியில் இறங்கும்போதே. "எதிர்க் கோயில்ல பாட்டுப் பாடற யாரோ ஒருத்தி. அதான் ஆளு அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்ல."

"இன்னிக்குக் காலைல நாம வரும்போது அவர் கடைக்குப் போயிட்டு வந்தாரே, பாத்தியா?"

"பாத்தேன். பால் வாங்கிட்டு வந்தாரு."

"கோயில் வாசலைத் தாண்டும்போது என்ன பண்ணினாரு?"

மெல்ச்சோர் யோசித்தான். "தொப்பியக் கழட்டினாரு. முகத்த இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வேகமா நடந்தாரு."

"பாட்டுக்காரிக்குப் பயந்தவன் முகத்தைத் திருப்புவான். தொப்பியக் கழட்டுவானா? ஒரு ஆம்பளை பயந்து ஓடிக்கிட்டே மரியாதையும் குடுக்கற பொம்பளை உலகத்துல ஒருத்திதான் இருக்கா."

"எங்கம்மாவா?"

"நட."

மாதா கோயில் அந்தப் பகல் வேளையில் காலியாக இருந்தது. குவாடலூப்பே மாதாவின் பக்கப் பீடத்தில் நாலைந்து மெழுகுவத்திகள் எரிந்தன. ரமோனா மண்டியிட்டுச் சிலுவை போட்டாள். பிறகு எழுந்து பீடத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அழுக்கேறிய சுவரில் கை அகலத்துக்குச் சின்னச் சின்னச் சதுரங்கள் மட்டும் வெளுப்பாக, வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஆணித் துளை.

"நேர்த்தித் தகடுகள்!" என்று மெல்ச்சோர் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவன் அம்மாவே மூன்று மாட்டியிருக்கிறாள், ஒன்று அவன் முதல் முறை டாக்ஸியைக் கவிழ்த்தபோது. மாதா ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றினால் சும்மா இருக்க முடியுமா? போர்டு எழுதுகிறவனிடம் போய், நடந்ததைத் தகரத்தில் படமாக வரையச் சொல்லி, கீழே பெயர், ஊர், தேதி எல்லாம் எழுதி, கோயிலில் மாட்டியாக வேண்டும். "கழட்டிட்டாங்களே, டோன்யா!"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி," என்றது ஒரு குரல். கோயில்பிள்ளை டோன் இலாரியோன் விளக்குமாறோடு வந்துகொண்டிருந்தார். எழுபது வயது, கழுத்துப் பட்டன் வரை பூட்டிய சட்டை. "புதுச் சாமியாருக்குச் சுவர் சுத்தமா இருக்கணுமாம். எல்லாத்தையும் பெட்டில போட்டு நிலவறைல வெச்சிருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

ரமோனா சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் விளக்குமாற்றைத் தரையில் ஊன்றினார்.

"சாவி தர மாட்டேன். நான் வரிசைல நின்னு வந்தவன், டோன்யா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தி மூணு. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், போலீஸ் கடுதாசி, எல்லாம் குடுத்து, ஒம்பது மாசம் காத்திருந்து வந்தேன். வரமுடியாமயே செத்துப்போனான் என் சொந்தத் தம்பி. இவனுங்க வேலியத் தாண்டிக் குதிப்பானுங்க, போலந்துக்காரன் பேருல சம்பளம் வாங்குவானுங்க, அதுக்குப் பரிசா குடியுரிமையா? அதையெல்லாம் சம்பாதிக்கணும்!"

"நான் சம்பாதிச்சேன் ஐயா," என்றான் மெல்ச்சோர். "எங்கம்மாவுக்கு எல்லை ஆத்துக்கு இந்தப் பக்கம் வலி எடுத்துச்சு. டெக்ஸாஸ்ல பொறந்தேன். அழுதேன். குடுத்துட்டாங்க."

"உன்ன மாதிரி ஆளுக்குக் குடுத்ததே தப்பு."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லும்."

ரமோனா சிரிக்கவில்லை. "உங்க தம்பி விஷயம் அநியாயம், டோன் இலாரியோன். அன்செல்மோவும் ஒம்பது வருஷமா எலும்பு அறுத்திருக்காரு, ரொட்டி சுட்டிருக்காரு. அதையும் சம்பாத்தியம்னுதான் நான் நினைக்கறேன். சரி, நாம சண்டை போட்டா பொழுது போயிடும். விடுங்க. சாவி குடுத்தும் பிரயோசனம் இல்லதான். எத்தனை தகடு இருக்கும்? முந்நூறா? அள்ளிக் கொட்டின குப்பைல நாளைக்குள்ள எங்கேன்னு தேடறது?"

"குப்பையா?" இலாரியோனின் காது சிவந்தது. "யாரு சொன்னது குப்பைன்னு? ஒவ்வொரு தகடும் என் கைக்கு வந்த தேதிய முதுகுல பென்சிலால எழுதி, என் கையெழுத்தும் போட்டிருக்கேன். குடும்பப் பேரு வாரியா அடுக்கியிருக்கேன். முந்நூத்திப் பன்னெண்டு! வாங்க, வந்து பாத்துட்டுப் பேசுங்க!"

அவர் சாவிக்கொத்தோடு முன்னே போக, மெல்ச்சோர் ரமோனாவின் காதருகே குனிந்தான். "இவரையும் கண்டுபிடிச்சுட்டீங்க."

நிலவறையில் பெட்டிகள் உண்மையிலேயே அணிவகுத்து நின்றன. 'டா' வரிசையிலிருந்து இலாரியோன் ஒரு தகட்டை உருவி நீட்டினார். படத்தில் ராட்சசப் பற்களோடு ஒரு இயந்திரம், தரையெல்லாம் சிவப்பு, வாயைப் பிளந்து அலறும் குட்டை மனிதன், மேலே தொங்குகிற மாட்டுத் தொடைகளுக்கு நடுவே மேகத்தில் மாதா. ரமோனா விளக்கடியில் வைத்து உரக்கப் படித்தாள்.

"'சிகாகோ, 1981 அக்டோபர் 6. எலும்பு அறுக்கும் இயந்திரத்தில் சிக்கிய என் விரலைக் காப்பாற்றிய தாய்க்கு நன்றி. வேண்டிக்கொண்டவன் அன்செல்மோ டாப்பியா. தாயே, இந்த ஆலையில் நான் ஸ்டான்லி வோய்ச்சிக் என்ற பேரில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரியிலும் அந்தப் பேர்தான் கொடுத்தார்கள். நீ குழம்பிவிடாதே. விரல் என்னுடையது.'"

மெல்ச்சோர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "புண்ணியம் போலந்துக்காரனுக்குப் போயிடுமோன்னு பயந்திருக்காரு மனுஷன்! ஊரையே ஏமாத்தினவரு மாதாகிட்ட மட்டும் ரெண்டு பேரையும் ஒப்பிச்சிருக்காரே!"

முதுகில் பென்சில் எழுத்து தெளிவாக இருந்தது: 1981 நவம்பர் 7, இலாரியோனின் கையெழுத்து. கிழவர் அதை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் புளித்தது.

"உங்களுக்குப் பிடிக்கலேன்னா மறந்துபோச்சுன்னு சொல்லிடலாம்," என்றாள் ரமோனா.

"எழுதினது எழுதினதுதான். எனக்குப் பிடிக்கறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சாட்சிக் கையெழுத்து எங்க போடணும்?"

மெல்ச்சோருக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் ரமோனா இன்னும் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வரியை அவள் படிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளிடமிருந்து வாங்கி அவனே படித்தான். அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"போய் அவரைக் கூட்டிட்டு வா," என்றாள் ரமோனா. "எல்பீதியாவையும்."

அன்செல்மோ தெருவைக் கடக்க இருபது நிமிஷம் ஆயிற்று. எல்லை ஆற்றைக் கடந்தபோதுகூட அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. கோயில் வாசல் வரை வந்தவர் உள்ளே கால் வைக்க மறுத்து, தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். ரமோனா தகட்டை வெளியே எடுத்து வந்து காட்டினாள். பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"கடைசில இருக்கறது உங்க வார்த்தைதானே? 'விரல் பிழைத்ததால், வருகிற வருஷம் கிறிஸ்துமஸுக்குள் ஊருக்குத் திரும்பிவிடுவேன். இனி ஒருபோதும் வடக்கே வரமாட்டேன்.'"

"என் வார்த்தைதான்." அவர் குரல் தாழ்ந்தது. "எண்பத்திரண்டு டிசம்பர்ல மூட்டை கட்டிட்டேன். முன்னாடி போய் வீடு பாக்கறேன், பின்னாடி வான்னு எல்பீகிட்ட சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கும் போயிட்டேன். அங்க திடீர்னு ஒரு பல்வலி. மண்டையே பொளந்துடற மாதிரி. பஸ்ஸு போயிடுச்சு. மறுநாள் போயிருக்கலாம். மறு வாரம் போயிருக்கலாம். போகல, டோன்யா. அவகிட்ட சத்தியம் பண்ணிட்டு, ஒரு பல்லச் சாக்கு வெச்சு ஏமாத்திட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள போவேன்?"

"அதிகாரி இந்த வரியப் படிப்பான்," என்றாள் ரமோனா. "'சொன்னபடி போனியா?'ன்னு கேப்பான். போயிட்டுத் திரும்பி வந்திருக்கான்னு அவனுக்குச் சந்தேகம் வந்தா மனு அவ்வளவுதான். போகலைன்னு நீங்க சத்தியம் பண்ணி எழுதணும்."

"மாதாவ ஏமாத்தினேன்னு மாதா மேலயே சத்தியமா?" அன்செல்மோ தகட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம். இதக் குடுக்காதீங்க. என்ன அனுப்பினா அனுப்பட்டும். அதுதான் நியாயம்."

காலையிலிருந்து தேடியதை அந்த ஆளே வேண்டாமென்கிறார். மெல்ச்சோருக்கு நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். அப்போது வாசல்படியில் நின்ற இலாரியோன் தொண்டையைக் கனைத்தார்.

"டாப்பியா பேருல ரெண்டு தகடு இருந்துச்சு. நீங்க ஒண்ணுதான் எடுத்தீங்க."

"வேண்டாம் ஐயா! அத எடுக்காதீங்க!" என்று கத்தியவள் எல்பீதியா.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் கிழவர் சொல்லும்போதே கையில் கொண்டு வந்திருந்தார். இந்தப் படத்தில் ஒரு பஸ், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்ட ஒரு மனிதன், தூரத்தில் மண்டியிட்ட கர்ப்பிணிப் பெண். ரமோனா மெதுவாகப் படித்தாள்.

"'1982 டிசம்பர் 21. ஊருக்குப் போகிறேன் என்று மூட்டையோடு கிளம்பிய என் கணவர் அன்செல்மோ டாப்பியாவைப் பல்வலி கொடுத்து நிறுத்திய தாய்க்கு நன்றி. வயிற்றில் மூன்று மாதப் பிள்ளையோடு கேட்டுக்கொண்டேன். அவர் வாக்கு தவறினார் என்று அவர் மேல் கோபப்படாதே. கேட்டவள் நான். பழி என்னுடையது. எல்பீதியா.'"

முதுகில் 1983 ஜனவரி எட்டு என்று பென்சில் தேதி. அவர் போகவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே உன் தகட்டப் படிச்சிருந்தேன், கெழவா," என்றாள் எல்பீதியா. "இந்தப் பீடத்துக்குப் பூ வெக்கறவ நான்தானே. நீ போனா திரும்பி வர மாட்டேன்னு தெரியும். நீ வாக்கு மாறாதவன். அதான் உன்கிட்ட கேக்காம அவகிட்ட கேட்டேன்."

"அஞ்சு வருஷமா சொல்லலியே, எல்பீ?"

"சொன்னா கோவிச்சுக்கிட்டு மறுபடி மூட்டை கட்டுவியோன்னு பயம்."

"பதினோரு தெரு நடந்தேனே. பனியில."

"நானும்தானே கூட நடந்தேன்."

அன்செல்மோ வாசல்படியில் கால் வைத்தார், இன்னொரு காலையும் வைத்தார், நேராகப் பக்கப் பீடத்துக்குப் போய் மண்டியிட்டார். என்ன பேசினார் என்று தெரியாது. மெல்ச்சோர் கைக்குட்டையைத் தேடினான். இல்லாததால் இலாரியோனுடையதை வாங்கிக்கொண்டான்.

அவர் எழுந்து வந்தபோது ரமோனா கடைசி பெஞ்சில் மனுவை விரித்து, பேனாவோடு தயாராக இருந்தாள்.

"பதினெட்டாம் கேள்வி. 1982 ஜனவரி ஒண்ணுலேருந்து இன்னிக்கு வரைக்கும் இந்த நாட்டை விட்டு வெளியே போனீங்களா?"

"இல்ல," என்றார் அன்செல்மோ. மனைவியைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார். "போகத்தான் பாத்தேன். ரெண்டு பொம்பளைங்க விடல."

ரமோனா அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று மட்டும் எழுதினாள்.